ஒரே பெயரில் இரண்டு பேர்

கண்ணு,

'பயப்படாதே' என்று ஆரம்பித்தால் அந்த வார்த்தையைப் பார்த்தே நீ பயந்துவிடுவாய். அதனால் நேராகச் சொல்லிவிடுகிறேன். உன் பெரியப்பா மகன் சாமியை நேற்று ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். குடல்வால் வீங்கிவிட்டதாம், தள்ளிப்போட முடியாதாம். சற்று முன்னால்தான் உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். ஆபரேஷன் தியேட்டருக்கு எதிரே ஒரு நீளப் பெஞ்சு. ஒரு முனையில் நான், மறு முனையில் யாரோ ஒரு அம்மா கண்ணை மூடி ஜெபம் செய்துகொண்டிருக்கிறார். நானும் முயன்று பார்த்தேன். பெருமாளைக் கூப்பிட ஆரம்பித்தால் நடுவில் மருந்தின் பெயர் வந்துவிடுகிறது. ஆகவே கைக்குக் கிடைத்த பழைய வாரப் பத்திரிகையை மடியில் வைத்து, அதன்மேல் தாளை வைத்து உனக்கு எழுதுகிறேன். அந்தக் கதவு திறக்கும்போதெல்லாம் எழுத்து கோணிக்கொண்டு போகும். பொறுத்துக்கொள்.

உனக்குப் போனில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கிடைத்த பஸ்ஸில் ஏறி பெங்களூரிலிருந்து வந்து நின்றிருப்பாய், அடுத்த வாரம் நீ விமானம் ஏறிப் போகவேண்டிய கூட்டம் போயிருக்கும். "அவனோட பிளைட்டைக் கெடுத்துப்போடாதீங்க சின்னம்மா" என்று, வலியில் சுருண்டு கிடந்தவன் என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டான். உன் அப்பா காங்கேயம் போயிருக்கிறார். சாமியின் மனைவி, உன் அண்ணி, பிரசவத்துக்காக அங்கே தன் அம்மா வீட்டில் இருக்கிறாள் அல்லவா, அவளிடம் பக்குவமாகச் சொல்ல வேண்டும். பக்குவம் என்பது உன் அப்பாவுக்கு எவ்வளவு வரும் என்று உனக்கே தெரியும், அது ஒரு தனிப் பயம். பெரியப்பா முழங்கால் மேல் பழியைப் போட்டுவிட்டுச் சூலூர் வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். பெரியம்மா போய்ச் சேர்ந்த பிறகு இவனுக்கும் நான்தானே அம்மா. ஆக, பெஞ்சில் நான். இதைத் தபாலில் சேர்ப்பேனா என்பதுகூட இப்போது எனக்குத் தெரியாது. ஆனால் நீ அந்தக் கூட்டத்தில் போய் உட்காருவதற்கு முன் உன்னிடம் ஒன்று கேட்டாக வேண்டும். நேற்று இங்கே நடந்ததைச் சொல்லாமல் அதைக் கேட்க முடியாது.

பொங்கலுக்கு வந்திருந்தபோது, நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் வட்டம் வட்டமாகப் போட்டுக் காட்டினாயே, நினைவிருக்கிறதா? ஒவ்வொரு வட்டமும் ஒரு விஷயம் என்றாய். ஒரு ஆள், ஒரு ஊர், ஒரு நோய், ஒரு இயந்திரம், எதுவாகவும் இருக்கலாம். வட்டத்துக்கு வட்டம் கோடு இழுத்து, இது அவர்களுக்கு இடையிலுள்ள உறவு என்றாய். இன்டர்நெட்டில் ஆளாளுக்குப் பக்கம் பக்கமாக எழுதிக் குவிக்கிறார்கள், ஆனால் எது எதைப் பற்றியது என்று இயந்திரத்துக்குத் தெரியாது, எல்லாரும் ஒரே முறையில் குறித்துவைத்தால் உலகத்து அறிவெல்லாம் ஒன்றோடொன்று தானாகக் கோத்துக்கொள்ளும், அந்தப் பொது முறையைத்தான் பல தேசத்து ஆட்களும் சேர்ந்து எழுதுகிறோம் என்று சொன்னாய். "எல்லா ஊர்த் தண்டவாளமும் ஒரே அகலம், அப்படித்தானே?" என்று உன் அப்பா கேட்டார். "அதேதானுங்கப்பா" என்று நீ துள்ளினாய். நீ சின்ன வயதில் ரேடியோவைப் பிரித்து, திரும்பச் சேர்த்து, அது பாடியபோது இருந்த முகம் அன்றைக்கு உனக்கு இருந்தது. எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? வாய்விட்டுச் சொன்னால் கண் பட்டுவிடும் என்று சொல்லவில்லை.

அதற்குப் பிறகுதான் உனக்கு மிகவும் பிடித்த பகுதியைச் சொன்னாய். இரண்டு பேர் தனித்தனியாகச் செய்த வரைபடங்களைப் பக்கத்தில் வைத்தால் போதும், ஒரே சூழலில் ஒரே பெயர் உள்ள வட்டங்களை இயந்திரமே ஒன்றாக்கிவிடும், யாரும் உட்கார்ந்து ஒட்ட வேண்டாம். சாமி விடுவானா? "காங்கேயம்னா ஊருங்களா, மாடுங்களா சார்?" என்று கையைக் கட்டிக்கொண்டு கேட்டான். நீ சளைக்கவில்லை. அதற்குத்தான் சூழல் என்று ஒன்று வைத்திருக்கிறோம், ஊர் என்ற சூழலில் அது ஊர், மாடு என்ற சூழலில் அது மாடு, இரண்டும் ஒட்டாது என்றாய். எல்லாரும் சிரித்தார்கள். நான் மட்டும் விடவில்லை. ஒரே வீட்டில், ஒரே சூழலில், ஒரே பெயர் இரண்டு இருந்தால் அது என்ன செய்யும் என்று கேட்டேன். "அது ரொம்ப அபூர்வமுங்கம்மா" என்றாய். சாமியின் தோள்மேல் கையைப் போட்டுக்கொண்டு அதைச் சொன்னாய். யாரும் கவனிக்கவில்லை. நானும் வடை எடுத்துவர உள்ளே போய்விட்டேன்.

அப்போதே பேசியிருக்கலாம்தான். ஆனால் இந்த வீட்டில் என் பயத்துக்கு என்ன மரியாதை? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று உன் அப்பா எனக்காகவே அந்தப் பழமொழியை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார். நீ பள்ளிக்கூட பஸ்ஸில் போனால் பயந்தேன், பஸ்ஸில் போகாமல் நடந்து போனாலும் பயந்தேன். கல்லூரி நாளில் மொபெட் வாங்கித் தரவே கூடாது என்றேன். வாங்கிக் கொடுத்தார்கள், நீயும் அவினாசி ரோட்டில் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டு இதே ஆஸ்பத்திரியில்தான் வந்து படுத்தாய். அந்த ஒரு முறை என் பயம் பலித்தது. பலிக்காத பயங்களை எண்ணினால் அதற்கு ஒரு கம்ப்யூட்டர் வேண்டும். அதனால் என் பேச்சு எடுபடாதது உங்கள் தப்பு இல்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சேர்ப்பதற்கு நான் எதிரியில்லை. டெலிபோன் டிரங்க் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்த காலமெல்லாம் என் பிழைப்பே ஒரு ஊரை இன்னொரு ஊரோடு சேர்ப்பதுதானே? ஒருநாள் சத்தியமங்கலத்திலிருந்து ஒருவர், கோயமுத்தூரில் இருக்கும் தம்பியோடு பேச வேண்டும் என்று கேட்டார். நம்பர் தெரியாது, ஏதோ ஒரு மோட்டார் வைண்டிங் கடை, பக்கத்தில் பேக்கரி, அவ்வளவுதான் தெரியும். அவர்களுடைய அம்மாவுக்கு இழுத்துக்கொண்டிருந்தது. நான் பேக்கரி பேக்கரியாகக் கூப்பிட்டு, எந்தப் பேக்கரிக்குப் பக்கத்தில் மோட்டார் கடை என்று விசாரித்து, கடைசியில் அந்தத் தம்பியைப் பிடித்துக் கொடுத்தேன். அம்மா கண்ணை மூடுவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டதாகப் பிறகு கடிதம் போட்டார். ஒன்றைப் பற்றித் தெரிந்தவனும் அதைத் தெரிந்துகொள்ள வேண்டியவனும் இரண்டு பக்கமும் காத்துக் கிடந்து, நடுவில் கம்பி இல்லாமல் போவது எவ்வளவு பெரிய கொடுமை என்று எனக்குத் தெரியும். நீ செய்கிற வேலை நல்ல வேலை. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, அதனால்தான் பயம் இவ்வளவு அதிகமாக இருக்கிறது.

இப்போது பெயர் விஷயத்துக்கு வருகிறேன். நம் வழக்கப்படி தலைமகனுக்கு அவன் தாத்தாவின் பெயர். பெரியப்பாவுக்கு முதலில் பையன் பிறந்தான், தாத்தா பெயர் வைத்தார்கள். சில மாதத்தில் நீ பிறந்தாய். அண்ணன் வைத்தால் தம்பி வைக்கக் கூடாதா என்று உனக்கும் அதே பெயர். வீட்டுப் பெயர் ஒன்று, ஒரே வாசலுக்குள் வீடுகள் சேர்ந்த வளவு ஒன்று, அப்பாக்கள் பெயர் வேறானாலும் இங்கிலீஷில் இனிஷியலும் ஒன்று. பெயர் வைத்த ஆண்கள் எழுந்து போய்விட்டார்கள். கூப்பிட வேண்டியவர்கள் நானும் பெரியம்மாவும். மாமனார் பெயரை மருமகள் எப்படி வாயால் சொல்வாள்? அதனால் அவன் சாமி ஆனான், நீ கண்ணு ஆனாய். நான் படித்தவள்தான், வேலைக்குப் போனவள்தான், இருந்தும் நாக்கு எழவில்லை. எக்ஸ்சேஞ்சில் அந்தப் பெயருள்ள ஆளோடு பேச வேண்டும் என்று எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். "நம்பரைச் சொல்லுங்க" என்று கேட்டுக் கேட்டே ரிட்டையராகும்வரை தப்பித்துவிட்டேன். உனக்கு நான் போடும் கடிதங்களுக்கு உறைமேல் முகவரி எழுதுவதுகூட சாமிதான். "எனக்கு நானே லெட்டர் போட்டுக்கற மாதிரி இருக்குதுங்க சின்னம்மா" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வான், ஒவ்வொரு தடவையும் நான் புதிதாகக் கேட்பதுபோலச் சிரிப்பேன்.

உங்களுக்குப் பள்ளிக்கூடம் போகும் வயது வருவதற்கு முன்னால் நடந்தது ஒன்று உண்டு. அரைகுறையாகக் கேள்விப்பட்டிருப்பாய். முழுதாக யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், பெரியம்மா இருந்தவரை அந்தப் பேச்சை எடுத்தாலே அழுவாள். உங்கள் இரண்டு பேருக்கும் தொண்டையில் புண், காய்ச்சல். நானும் அவளும் உங்களைத் தூக்கிக்கொண்டு டவுனில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனோம். சாமிக்குப் பென்சிலின் ஆகாது, முன்பே ஒரு முறை உடம்பெல்லாம் தடித்துப்போய் அவன் சீட்டில் சிவப்பு மையால் எழுதி வைத்திருந்தார்கள். உனக்கு அது ஒத்துக்கொள்ளும். நீ ஒன்றுக்கு வருகிறது என்று அடம்பிடித்தாய், உன் சீட்டை அவள் கையில் கொடுத்துவிட்டு உன்னை வெளியே கூட்டிப் போனேன். அந்த நேரத்தில் அவர்கள் முறை வந்துவிட்டது. பையன் பேர் என்ன என்று கேட்டிருக்கிறார்கள். அவள் மாமனார் பெயரைச் சொல்ல மாட்டாள். கையிலிருந்த இரண்டு சீட்டில் மேலே இருந்த உன்னுடையதைக் காட்டி, "இதுல இருக்கற பேருதானுங்க" என்றிருக்கிறாள்.

பொய் சொல்லவில்லை பார். அதில் இருந்தது அவன் பெயர்தான். அவர்களும் சரியான பெயர், சரியான ஊர் என்று உன் சீட்டைப் பார்த்து அவனுக்கு ஊசி போட்டுவிட்டார்கள். நான் திரும்பி வரும்போது அவன் உதடு வீங்கி, கண் செருகி, மூச்சு விசில் அடிப்பதுபோலச் சத்தம் போட்டது. பெரியம்மா அவனை உலுக்கிக்கொண்டே நின்றாள். டாக்டர் ஓடிவந்து வேறு ஊசி போட்டு, நெஞ்சைப் பிடித்துவிட்டு, என்னென்னவோ செய்து காப்பாற்றினார். அவன் அழ ஆரம்பித்தபோதுதான் எங்களுக்கு உயிர் வந்தது. அதோடு முடிந்ததா? அடுத்த முறை போனபோது, ஒரே பெயரில் இரண்டு சீட்டு இருந்ததால்தானே இந்த வினை என்று அங்கே யாரோ நல்ல மனதோடு இரண்டையும் சேர்த்துத் தைத்து ஒன்றாக வைத்திருந்தார்கள். அதற்கப்புறம் அந்தப் பக்கமே நாங்கள் போகவில்லை. தனியாகக் கிடந்தாலும் ஆபத்து, சேர்த்துத் தைத்தாலும் ஆபத்து என்றால் மனுஷன் என்னதான் செய்வது என்று நான் அன்றைக்கு யோசித்தது உண்மை. பயம்தான் மிஞ்சியது.

நேற்றுக்கு வருகிறேன். கீழே அவசரப் பிரிவில் நுழைந்ததுமே சின்ன டாக்டரிடம் பென்சிலின் ஆகாது என்று சொன்னேன். திரும்பவும் சொன்னேன். "எழுதிட்டேம்மா" என்று கையிலிருந்த துண்டுச் சீட்டைக் காட்டினார். பிறகு பதிவு செய்யும் இடத்துக்கு அனுப்பினார்கள். புதுக் கம்ப்யூட்டர், அதன்முன் தன்மையாகப் பேசும் ஒரு பெண். "பேஷண்ட் பேர் சொல்லுங்கம்மா" என்றாள். கண்ணு, இந்த இடத்தில் உன் அம்மா என்ன செய்தாள் தெரியுமா? பெரியம்மா கதையை வாழ்நாளெல்லாம் மனதில் சுமந்தவள், சாமியின் சட்டைப் பையிலிருந்து அவன் பெயர் போட்ட தறிக்கூடத்துக் கார்டை எடுத்து நீட்டி, "இதுல இருக்குதுங்க" என்றேன். அவள் தட்டினாள். "ஏற்கெனவே நம்மகிட்ட வந்திருக்காருங்களே, சூலூர்தானுங்களே?" என்று கேட்டாள். சாமி எப்போதோ காய்ச்சலுக்கு வந்திருப்பான் என்று நினைத்துக்கொண்டு, ஆமாம் என்றேன். அவனும் முன்பு இங்கே வந்திருக்கிறான்தான். நீயும் வந்திருக்கிறாய். இரண்டும் ஒரே ஆள் என்று அந்த இயந்திரம் எப்போதோ தானாகவே தீர்மானித்துவிட்டது என்பது எனக்கு அப்போது தெரியாது.

மேலே வார்டுக்கு அச்சடித்த தாள்களோடு பைல் வந்தது. துண்டுச் சீட்டு கீழேயே தங்கிவிட்டது. வலிக்குப் போட்ட ஊசியில் சாமி அரைத்தூக்கத்தில் கிடந்தான். நர்ஸ் ஒருத்தி ஊசியோடு வந்தாள், நான் வழக்கம்போல என்ன ஊசி, எதற்கு என்று நச்சரித்தேன். அவள் கோபப்படவில்லை. பைலைப் பார்த்துவிட்டு, "போன தடவை கை உடைஞ்சு வந்தப்ப இதேதானுங்கம்மா போட்டிருக்காங்க, ஒண்ணும் ஆகலீங்க" என்றாள். சாமிக்குக் கை உடைந்ததே கிடையாது. ஊசி அவன் தோளுக்குப் பக்கத்தில் இருந்தது. நான் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். சாமி என்றும் கண்ணு என்றும் சொன்னால் அவளுக்கு என்ன விளங்கும்? என் வாயிலிருந்து உன் தாத்தாவின் பெயர் வந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சொல்லாத பெயரை வார்டு முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். "இந்தப் பேர்ல ரெண்டு பேருங்க. கை ஒடைஞ்சது என்ற பையனுக்குங்க, நான் பெத்தவனுக்கு. இவன் வேற."

அவள் அந்தப் பென்சிலின் ஊசியைக் கீழே வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு பெரிய டாக்டர் வந்தார், தாளில் கோடு கிழித்தார், ரத்த வகையும் உன்னுடையதுதான் அச்சாகியிருந்தது என்று கண்டுபிடித்துத் திரும்பப் பார்க்கச் சொன்னார். நல்ல மனிதர்கள், யார்மேலும் எனக்குக் கோபம் இல்லை. நான் பதிவு இடத்துக்கு இறங்கிப் போய் அந்தப் பெண்ணிடம், இரண்டு பேரையும் தனியாகப் பிரித்துக் கொடுத்துவிடு அம்மணி என்று கேட்டேன். அவள் ஒவ்வொரு கட்டளையாகத் தட்டிப் பார்த்தாள். முகம் சுருங்கிவிட்டது. "சேர்க்கறதுக்குத்தானுங்கம்மா இதுல வழி இருக்குது. பிரிக்கறதுக்கு வைக்கலீங்க" என்றாள். இது இன்னாரின் பதிவு, அது இன்னாரின் பதிவு என்ற பழைய அடையாளமே இல்லையாம். எல்லாம் ஒன்றாகக் கலந்துபோய், புளிக்கரைசலில் விழுந்த உப்புபோல ஆகிவிட்டது. யார் சேர்த்தது, எதை நம்பிச் சேர்த்தது என்று கேட்டால் அதற்கும் பதிலில்லை. கடைசியில் நானும் அவளும் உட்கார்ந்து, இந்த மஞ்சள்காமாலை அவனுக்கு, இந்த எக்ஸ்ரே உனக்கு என்று என் நினைவிலிருந்து பிரித்தோம். நடுவில் ஒரு வயிற்றுப்போக்கு யாருடையது என்று எனக்குத் தெரியவில்லை. அது உங்கள் இருவருக்கும் பொதுவாகவே இருந்துவிட்டது.

இப்போது என் பயம் என்னவென்றால், திருத்துவதற்கு முன்பே ஒரு தாள் தியேட்டருக்குள் போய்விட்டது. போன் பண்ணிச் சொல்லிவிட்டோம் என்றார்கள். போனை எடுத்தவர் சொல்ல வேண்டியவரிடம் சொன்னாரா? வாழ்நாளெல்லாம் போனைக் கையாண்டவளுக்குத் தெரியும், எடுத்தவர் வேறு, கேட்க வேண்டியவர் வேறு. இரண்டு தடவை கதவைத் தட்டிக் கேட்டுவிட்டேன், மூன்றாவது தடவை போனால் என்னையும் படுக்கையில் போட்டுவிடுவார்கள். உள்ளே ஒரு குழந்தை மாதிரி மயங்கிக் கிடப்பவனுக்குத் தன் பெயரைத் தானே சொல்ல முடியாது. அவன் யார் என்று வெளியிலிருக்கும் தாள்தான் சொல்ல வேண்டும். அந்தத் தாளில் நீ இருக்கிறாய்.

இதைத்தான் உன்னிடம் சொல்ல வந்தேன். இந்த ஆஸ்பத்திரியில் தப்பு நடந்தால் கத்துவதற்கு ஒரு அம்மா பெஞ்சில் இருக்கிறாள். நீங்கள் செய்வது உலகத்துக்கே பொதுவானது. எங்கோ ஒரு தேசத்தில் ஒருவன் எழுதியதும் இன்னொரு தேசத்தில் இன்னொருவன் எழுதியதும் இரண்டு பேருக்கும் தெரியாமலே ஒட்டிக்கொள்ளும் என்றாய். அங்கே எந்த அம்மா உட்கார்ந்திருப்பாள்? ஒரே சூழல் என்பதை நீங்கள் காவல் என்று நினைக்கிறீர்கள். எங்கள் சூழலைவிட ஒரே சூழல் எங்கே உண்டு? ஒரே வளவில், ஒரே மடியில் வளர்ந்தவர்கள் நீங்கள். பெயர் ஒன்றாக இருப்பதால் ஆளும் ஒன்று என்று சொல்லாதீர்கள். ஒன்றுதான் என்று யாராவது சொன்னால், சொன்னது யார் என்பது கூடவே நிற்கட்டும். எல்லாவற்றுக்கும் மேல், சேர்த்ததைத் திரும்பப் பிரிக்க ஒரு வழி வையுங்கள். இதையெல்லாம் நீங்கள் முன்பே யோசித்திருக்கலாம். எனக்கு அந்த வேலையில் ஒரு எழுத்துக்கூடத் தெரியாது. நான் சொல்வது அசட்டுத்தனமாக இருந்தால் சிரித்துவிட்டு விட்டுவிடு. ஆனால் கூட்டத்தில் எல்லாரும் தலையாட்டுகிற நேரத்தில், "அது ரொம்ப அபூர்வம்" என்று மட்டும் சொல்லிவிடாதே. அபூர்வம் என்றால் என்ன அர்த்தம், அது யாரோ ஒருவருக்கு நடக்கும் என்றுதானே?

உன்னைப் பற்றியும் பயம்தான், மறைப்பானேன்? அத்தனை பெரிய ஆட்கள் நடுவில் நீ ஒருத்தன் எழுந்து, எங்கள் வீட்டில் ஒரே பெயரில் இரண்டு பேர் என்று ஆரம்பித்தால் சிரிக்க மாட்டார்களா? வேலைக்கு வினை வந்துவிடுமா? எழுதும்போதே இந்தப் பக்கத்தைக் கிழித்துவிடலாமா என்று தோன்றுகிறது. பயந்த பிள்ளையாக உன்னை வளர்க்கக் கூடாது என்று உன் அப்பா என்னோடு சண்டை போட்டே வளர்த்தார், அது நல்லதுதான். ஆனால் என் பயத்தில் ஒரு பிடியாவது உனக்கு வேண்டும், கண்ணு. நிறைய வேண்டாம், குழம்பில் பெருங்காயம் போடுகிற அளவு போதும்.

கதவு திறக்கிறது. ஒரு நர்ஸ் வெளியே வந்து பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறாள். போய்விட்டு வருகிறேன்.

வந்துவிட்டேன். நன்றாக இருக்கிறான். முதலில் அவன் உதட்டைத்தான் பார்த்தேன். காய்ந்திருந்தது, வீங்கவில்லை. அந்த உதட்டைப் பார்த்து நடு வராந்தாவில் நின்று அழுதேன், பெஞ்சில் இருந்த அம்மா எழுந்து வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார். சாமி மயக்கம் தெளிந்தும் தெளியாமலும் என் கையிலிருந்த தாள்களைப் பார்த்தான். "அவனுக்குங்களா சின்னம்மா? கொண்டாங்க, அட்ரஸ் எழுதறேன்" என்று கையைத் தூக்கப் போனான். அந்தக் கையில் டிரிப் ஊசி. வேண்டாம் சாமி, இன்றைக்கு நானே எழுதிக்கொள்கிறேன் என்றேன். அவன் ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டுச் சிரித்தபடியே தூங்கிவிட்டான்.

வெளியே கூரியர் கடை இருக்கிறது, நாளை உன் கையில் கிடைத்துவிடும். உன் தாத்தா பெயரை நேற்று வாயால் சொல்லிவிட்டேன், இதுவரை கையால் எழுதியதில்லை. உறைமேல் எழுதுவதற்கு முன் இங்கே ஒரு முறை எழுதிப் பார்க்கிறேன்.

ரங்கசாமி.

பார்த்தால் உன் ஒருவனை மட்டும் குறிப்பதுபோலத்தான் இருக்கிறது.

அம்மா